நாளுக்கு ஒரு மாத்திரை: நாள்பட்ட ஹெபடைடிஸ் பி சிகிச்சையும் தொழிற்பேட்டையின் கடமையும்

(வடக்குப்பட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடும் இருபது வயதுக்காரருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது நம் நாட்டில் பெரும்பாலும் தற்செயலாகத்தான் தெரியவருகிறது. கர்ப்பகாலப் பரிசோதனையில் தெரியும். இரத்ததானம் செய்தால் தெரியும். வேலைக்குச் சேருமுன் எடுக்கும் இரத்தத்தில் அந்தப் பரிசோதனையும் இருந்தால் தெரியும். ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று நீளும் இந்தத் தொழில்தடத்தில் வாழ்கிறவர்களுக்கு மூன்றாவது வழி மிக நெருக்கமானது. ‘பாசிட்டிவ்’ என்று ஒரு தாள் கையில் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதே இந்த உரையின் கேள்வி. இந்தக் கிருமியை அடக்கி வைக்கும் மாத்திரை இருக்கிறது. அது நம் நாட்டிலேயே தயாராகிறது. அரசு அதை இலவசமாகவும் தருகிறது. இருந்தும் அந்தத் தாளைப் பெற்றவர் மாத்திரைக்குப் போய்ச் சேருவது அரிதாக இருக்கிறது. முழுக் குணம் கிடைக்கும் வரை காத்திருப்போம் என்ற எண்ணமும், கல்லீரல் கெட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய விதியும், வேலை போய்விடும் என்ற அச்சமும் குறுக்கே நிற்கின்றன. இந்த மூன்றையும் விலக்கி, முன்கூட்டியே தொடங்கி விடாமல் தொடரும் சிகிச்சையே இன்று நம்மிடம் உள்ள நல்ல வழி என்று வாதிட விரும்புகிறேன்.

இந்தியத் தொல்லியல் துறை 2022-இல் தோண்டிக் கற்கருவிகளை வெளிக்கொணர்ந்த மண் இந்த வடக்குப்பட்டு. நாம் பேசும் கிருமியும் அதுபோலப் பழையதுதான். தொல்மனித எலும்புகளிலும் பற்களிலும் கிடைத்த மரபணுவை ஆராய்ந்தவர்கள், சுமார் 10,000 ஆண்டுகளாகவாவது ஹெபடைடிஸ் பி மனிதரோடு கூடவே வந்திருக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். இவ்வளவு காலம் அது நிலைத்ததற்குக் காரணம் அது பரவும் வயது. பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து பெறும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் தொற்றாகிவிடுகிறது. பெரியவராகிப் பெறுகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே தங்குகிறது. ஆகவே தொழிலாளி ஒருவரிடம் அது இருக்கிறதென்றால், பெரும்பாலும் நினைவு தெரியாத வயதிலேயே வந்திருக்கும். இதில் ஒழுக்கத்தை விசாரிப்பது அநியாயம். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை, 2022 நிலவரப்படி உலகில் 25.4 கோடிப் பேருக்கு இந்தத் தொற்று இருப்பதாகக் கணிக்கிறது. அதில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் இந்தியர். உலக அளவில் தொற்று கண்டறியப்பட்டவர் நூற்றுக்கு 13 பேர். சிகிச்சையில் இருப்பவர் வெறும் 3 பேர். அந்த ஓராண்டில் ஹெபடைடிஸ் பி-யால் இறந்தவர்கள் சுமார் 11 லட்சம் பேர்.

தடுப்பூசி வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்கலாம். தடுப்பூசியின் பெருமையில் எனக்கு ஐயமில்லை. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் உள்நாட்டிலேயே அதைத் தயாரித்து விலையை இறக்கியது ஒரு பெரும் சாதனை. ஆனால் ஆண்டுக்கணக்கைப் பாருங்கள். 2002-இல் சில இடங்களில் சோதனை முறையில் தொடங்கிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, நாடு முழுவதுக்குமாக விரிந்தது 2011-இல். அந்த ஆண்டு டிசம்பரில்தான் தமிழ்நாடும் கேரளமும் முதல் மாநிலங்களாக ஹெபடைடிஸ் பி-யும் அடங்கிய ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலன்ட் ஊசியைத் தொடங்கின. 2011-இல் பிறந்த குழந்தை 18 வயதை எட்டுவது 2029-இல். அதாவது இன்று ஆலை வாசலில் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர், குறிப்பாக ஒடிசா, பிகார், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள், தடுப்பூசித் திட்டத்துக்கு முன் பிறந்த தலைமுறை. தடுப்பூசி அவர்களுடைய பிள்ளைகளைக் காக்கும். ஏற்கெனவே தொற்றோடு இருப்பவருக்கு அதனால் பயனில்லை. அவருக்கு வேண்டியது சிகிச்சை.

சிகிச்சை என்றதும் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. அந்த நினைவுக்குப் பின்னால் மூடநம்பிக்கை மட்டுமே இருக்கிறது என்று தள்ளிவிடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஹெபடைடிஸ் பி கிருமியின் புறப்பரப்புப் புரதத்தை ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் கண்டு, அதற்காக 1976-இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற பாரூக் புளும்பெர்க், எண்பதுகளில் இந்த மூலிகையின்மீது ஆர்வம் கொண்டார். சோதனைக் கூடத்திலும், மனிதக் கிருமியின் உறவுக் கிருமியைச் சுமக்கும் வுட்சக் என்ற விலங்கிலும் நம்பிக்கை தரும் முடிவுகள் கிடைத்தன. அதைத் தொடர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பணியாற்றிய எஸ்.பி. தியாகராஜன் குழு புளும்பெர்க்கோடு சேர்ந்து 1988-இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அந்தப் புரதம் காணாமற்போயிருந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நிகழ்ந்தது. நூற்றுக்கு 59 பேர் ஒரே மாதத்தில் விடுதலை என்றால் அது உலகையே மாற்றும் செய்தி. தமிழ்நாட்டின் ஒரு ஆய்வுக்கூடம் உள்ளூர் மூலிகையை எடுத்து, வெற்று மருந்தோடு ஒப்பிட்டு, உலகின் முன்னணி இதழில் முடிவை வைத்தது. முறை சரியானது என்பதில் இன்றும் பெருமை கொள்ளலாம்.

ஆனால் அதே முறைதான் அடுத்து வந்ததையும் தீர்மானித்தது. 1990-இல் தாய்லாந்திலும் 1994-இல் நியூசிலாந்திலும் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பிறகு வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் அமைப்பு 2011-இல், வெற்று மருந்தைவிட இந்த மூலிகை மேலானது என்று நம்பத்தக்க சான்று இல்லை என்று முடிவு கூறியது. அப்படியானால் கிராமத்தில் பச்சிலை சாப்பிட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை தெளிந்ததே, அது பொய்யா என்று கேட்பார்கள். பொய்யில்லை. நம் ஊர்களில் காணும் மஞ்சள் காமாலையில் பெரும்பகுதி கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைகள். அவை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தெளியும். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி அப்படிப்பட்டதன்று. அது பல ஆண்டுகள் கண்ணை மஞ்சளாக்காமலே கல்லீரலைத் தழும்பாக்கிக்கொண்டிருக்கும். மஞ்சள் தெரியும் நாளில் பலருக்குக் காலம் கடந்திருக்கும். ஒரு மாதக் குணம் என்ற ஆசை, இன்றும் இந்த நோயாளியை அந்த நீண்ட மௌன காலத்தில் சிகிச்சையிலிருந்து தள்ளியே வைத்திருக்கிறது.

அந்த ஆசை ஏன் நிறைவேறுவது இவ்வளவு கடினம்? கிருமி தன் மரபணுவை வளைய வடிவில் கல்லீரல் உயிரணுவின் கருவுக்குள் பதித்துவிடுகிறது. இன்றைய மாத்திரைகள் புதிய கிருமிகள் உருவாவதைத் தடுக்கின்றன. அந்த வளையத்தைத் தொடுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் பலருக்குக் கிருமி மறுபடி பெருகும், சிலருக்குக் கல்லீரல் திடீரென வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். இதனால்தான் மருத்துவர்கள் குணம் என்ற சொல்லை எச்சரிக்கையோடு பயன்படுத்துகிறார்கள். புறப்பரப்புப் புரதம் இரத்தத்திலிருந்து மறைவதை ஏறத்தாழக் குணத்துக்குச் சமமாகக் கொள்கிறார்கள். அது மாத்திரையால் நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான் ஆண்டுதோறும் நிகழ்கிறது. வாரம் ஒரு ஊசியாக 48 வாரம் போடும் பெக்-இன்டர்ஃபெரான் காலவரையறை உள்ள சிகிச்சை என்பதால் கவர்ச்சியானது. ஆனால் காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு போன்ற தொல்லைகள் உண்டு. பலன் கிருமியின் உள்வகையைப் பொறுத்தது. இந்தியாவில் ஏ, டி என்ற இரு உள்வகைகள் மிகுதி. ஊசி ஏ-யிடம் ஓரளவு வேலை செய்கிறது, டி-யிடம் தடுமாறுகிறது. சிலருக்கு அது ஏற்றதாக இருக்கலாம். ஆலைப் பணியோடு வாழும் ஆயிரக்கணக்கானவர்களுக்கான பொது வழியாக அது ஆகாது.

மீதியிருப்பது தினசரி மாத்திரை. அதன் கதையில் ஒரு தோல்வியும் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. 1998-இல் வந்த லாமிவுடின் முதலில் அற்புதமாக வேலை செய்தது; ஐந்தாண்டுக்குள் உட்கொண்டவர்களில் நூற்றுக்கு எழுபது பேரளவில் கிருமி அதை எதிர்த்து வளர்ந்துவிட்டது. மாத்திரை பிறகு பலிக்காது என்ற பேச்சு அந்தக் காலத்தது. ஆனால் அந்தக் குறையுள்ள மருந்தே ஒரு உண்மையை நிறுவியது. கல்லீரல் ஏற்கெனவே கடுமையாகத் தழும்பேறிய 651 ஆசியர்களிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், வெற்று மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 17.7 பேருக்கு நோய் முற்றியது. லாமிவுடின் பெற்றவர்களில் 7.8 பேருக்கு மட்டுமே. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். கிருமியை அடக்கினால் கல்லீரல் பிழைக்கிறது என்பது அன்று உறுதியானது. 2005-இல் என்டகாவிரும், 2008-இல் ஹெபடைடிஸ் பி-க்கு டெனோஃபோவிரும் ஒப்புதல் பெற்றன. முன்பு மருந்து எடுக்காதவர்களில் என்டகாவிருக்கு எதிர்ப்பு ஐந்தாண்டில் நூற்றுக்கு ஒருவரளவே. டெனோஃபோவிரைப் பொறுத்தவரை நீண்ட காலக் கண்காணிப்பிலும் எதிர்ப்பு ஒரு சிக்கலாக எழவில்லை. 2013-இல் வெளியான டெனோஃபோவிர் ஆய்வு என்னை மிகவும் கவர்வது. தொடக்கத்தில் சிரோசிஸ் என்ற முற்றிய தழும்பு இருந்த 96 பேரின் கல்லீரல் திசுவை ஐந்தாண்டு கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தபோது 71 பேரிடம் சிரோசிஸ் இல்லை. தழும்பு விழுந்தால் விழுந்ததுதான் என்று நீண்ட காலம் மருத்துவ நூல்கள் சொல்லிவந்தன. குணமாக்காத ஒரு மாத்திரை, பாழான உறுப்பைத் திரும்பத் தருகிறது.

அப்படியானால் யாருக்குத் தருவது, எப்போது தருவது? இங்கேதான் பழைய விதி குறுக்கே வருகிறது. கல்லீரல் பாதிப்பை இரத்தத்தில் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு தொடர்ந்து ஏறியிருக்க வேண்டும், கிருமி எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 20,000 அலகைத் தாண்ட வேண்டும், வயது முப்பதைக் கடக்க வேண்டும் என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. சிரோசிஸ் உள்ளவருக்கு மட்டும் விலக்கு. இருபத்தைந்து வயதுத் தொழிலாளி இந்த வாசலில் திருப்பி அனுப்பப்படுவார். ‘இப்போது ஒன்றும் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்று கேட்டுப் போனவர், வேறு ஊர், வேறு ஒப்பந்ததாரர் என்று மாறித் திரும்பி வருவதில்லை. 2024 மார்ச்சில் அந்நிறுவனமே விதியைத் தளர்த்தியது: எஸ்.ஜி.பி.டி. இயல்பைத் தாண்டி, கிருமி எண்ணிக்கை 2,000-க்கு மேல் இருந்தால் போதும். ஓரளவு தழும்பு இருந்தாலும் போதும். குடும்பத்தில் எவருக்கேனும் கல்லீரல் புற்றுநோய் வந்திருந்தாலும், நோயாளிக்கு நீரிழிவு, எச்.ஐ.வி. போன்றவை சேர்ந்திருந்தாலும் தொடங்கலாம். இந்த மாற்றத்துக்குப் பின்னால் வலுவான சான்று உண்டு. தைவானில் 3,653 பேரைச் சராசரி பதினொரு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தவர்களில் நூற்றுக்கு 1.3 பேருக்கும், மிக உயர்ந்திருந்தவர்களில் 14.9 பேருக்கும் கல்லீரல் புற்றுநோய் வந்தது. எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருந்தவர்களிடமும் இந்தத் தொடர்பு தெரிந்தது. மிக உயர்ந்த எண்ணிக்கையோடு அமைதியாக இருக்கும் இளைஞர்களைப் பற்றி நிபுணரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தேவையில்லாதவருக்கும் மாத்திரை போய்விடாதா என்பது நியாயமான மறுப்பு. கொஞ்சம் போகும், அதை ஒப்புக்கொண்டே வாதிடுகிறேன். இழப்பை இரு பக்கமும் எடைபோட வேண்டும். டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கலாம். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்துக்கொண்டே கொடுக்கலாம், தேவைப்பட்டால் என்டகாவிருக்கோ டெனோஃபோவிரின் புதிய வடிவமான டி.ஏ.எஃப். மாத்திரைக்கோ மாற்றலாம். இது திருத்தக்கூடிய தவறு. சிகிச்சை தேவைப்பட்டவரைத் திருப்பி அனுப்பியது தவறென்று புற்றுநோயாகத் தெரியவந்தால் அதைத் திருத்த வழி இல்லை. செலவு என்ற மறுப்பும் இன்று வலுவிழந்தது. டெனோஃபோவிருக்கான காப்புரிமை விண்ணப்பங்களை இந்தியா 2009-இல் நிராகரித்ததால் நம் நிறுவனங்கள் அதைத் தடையின்றித் தயாரிக்கின்றன. உலகச் சந்தையின் அடிப்படை விலை மாதத்துக்கு 2.4 டாலர், அதாவது சுமார் 200 ரூபாய். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அதுவும் இலவசம். குணமாக்கும் புதிய மருந்து வரட்டும், அதுவரை பொறுப்போம் என்பவர்களுக்கு ஒரு விவரம்: மிகவும் எதிர்பார்ப்பைத் தூண்டிய பெபிரோவிர்சென் ஊசி, 2022-இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில் நூற்றுக்கு ஒன்பது, பத்துப் பேரிடம்தான் நிலைத்த பலன் தந்தது. அதுவும் முன்னேற்றமே. நாளை குணப்படுத்தும் மருந்து வந்தாலும் அதனால் முழுப்பயன் பெறப்போகிறவர் இன்று கல்லீரலைக் காத்துக்கொண்டவர்தான்.

இனி மூன்றாவது தடையான வேலை போய்விடும் என்ற அச்சத்துக்கு வருகிறேன். இந்தத் தொழில்தடத்தில் மற்ற இரண்டையும்விடப் பெரியது இதுவே. பரிசோதனை முடிவு தொழிலாளியின் கைக்கு வருமுன் மனிதவள அலுவலகத்துக்குப் போகும் இடத்தில், சிகிச்சை பற்றிப் பேசுவதே வீண். தொற்றுள்ளவர் இயந்திரத்தில் கையை வெட்டிக்கொண்டால் பிறருக்கு வராதா என்று நிர்வாகம் கேட்கலாம். வெட்டுக்காயத்துக்கு முதலுதவி செய்பவர் கையுறை அணிவது, யாருடைய இரத்தமானாலும் செய்ய வேண்டிய முறை. அதற்கு மேல் கவலையிருந்தால் எல்லாத் தொழிலாளருக்கும் மூன்று தவணைத் தடுப்பூசி போடலாம். ஒருவரை வெளியேற்றுவதைவிட அதுவே பயனுள்ளது. ஒரே தட்டில் உண்பதாலோ, அருகில் படுப்பதாலோ, ஒரே கழிப்பறையாலோ இது பரவாது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த விடுதி போல 18,720 பேர் சேர்ந்து தங்கும் இடங்களில் இதை உரக்கச் சொல்லியாக வேண்டும்; சவரக் கத்தியையும் நகவெட்டியையும் பல்துலக்கியையும் பகிராதீர்கள் என்பதையும் சேர்த்தே. சீனா 2010-இல் வேலைக்கான உடல்தகுதிச் சோதனையில் ஹெபடைடிஸ் பி தேடுவதையே தடை செய்தது. நம் நாட்டில் 2017-இன் எச்.ஐ.வி. சட்டம், அந்தத் தொற்றுள்ளவரை வேலையில் பாகுபடுத்துவதைத் தடுக்கிறது, முடிவை இரகசியமாக வைக்கச் சொல்கிறது. அதே வழிகளில் பரவி, மிகப் பலரிடம் இருக்கும் ஹெபடைடிஸ் பி-க்கு அந்தக் கேடயம் இல்லை. அதை நீட்டிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சோதனையைத் தடைசெய்துவிட்டால் கண்டுபிடிக்கும் வாய்ப்பே போய்விடாதா என்று எதிர்க்கேள்வி வரும். சோதனையை வேலைத் தகுதியிலிருந்து பிரித்தால் போதும். தமிழ்நாட்டில் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024 முதல் பணியிடத்துக்கே போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அதே குழு, விரும்புகிறவருக்கு ஹெபடைடிஸ் பி-யும் பார்க்கலாம். முடிவு தொழிலாளிக்கும் சிகிச்சை மையத்துக்கும் மட்டுமே போகலாம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுகிறவருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. தொழில்பழகுநர் சட்டப்படி சேர்ந்தவர் அதற்குள் வருவதில்லை. ஒப்பந்தம் முடிந்தவரும் நழுவுகிறார். ஆகையால் இந்தச் சிகிச்சையை இ.எஸ்.ஐ.-யோடு மட்டும் கட்டிப்போடாமல் தேசியத் திட்டத்தில் பதிவதே நல்லது. அது பிகாரிலும் ஒடிசாவிலும் இதே மாத்திரையைத் தருகிறது. கையில் மூன்று மாத மாத்திரையும் தெளிவான மாற்றுக் கடிதமும் இருந்தால் ஊர் திரும்பினாலும் சிகிச்சை அறுபடாது. சிறிய விவரங்களும் பெரியவைதான். என்டகாவிரை உண்டு இரண்டு மணி நேரம் கழித்தும், அடுத்த உணவுக்கு இரண்டு மணி நேரம் முன்பும் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும்; வாரந்தோறும் ஷிஃப்ட் மாறுகிறவருக்கு அது கடினம். டெனோஃபோவிருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மருந்து எழுதும் மருத்துவர் ஷிஃப்ட்டைக் கேட்டுவிட்டு எழுத வேண்டும். கிருமி அடங்கிய பிறகும் புற்றுநோய் அபாயம் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வேண்டும். அந்த அரை நாளுக்குச் சம்பளம் வெட்டினால் அவர் வரமாட்டார்.

இந்த ஆலைகளில் வேலை செய்கிற இளம்பெண்களில் பலர் சில ஆண்டுகளில் தாயாவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிருமி எண்ணிக்கை மிகுந்த கர்ப்பிணிக்கு நடுமாதங்களிலிருந்து டெனோஃபோவிர் கொடுத்து, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் போட்டால், தொற்று அடுத்த தலைமுறைக்குப் போவதைப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். இம்யூனோகுளோபுலினும் தேசியத் திட்டத்தில் இலவசம். ஆனால் அந்தப் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவார். அது வேறு மாவட்டமாகவோ வேறு மாநிலமாகவோ இருக்கும். இங்கே எடுத்த பரிசோதனையின் முடிவு அவருடைய தாய்சேய் அட்டையில் எழுதப்பட்டிருந்தால்தான், அங்கே நள்ளிரவில் பிரசவம் பார்க்கும் செவிலியர் விடியும்வரை காத்திராமல் அந்த ஊசிகளைப் போட முடியும்.